மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு

சாரல் விழுகிற மூன்று மாதமும் கிறிஸ்டியைப் பார்க்க வேண்டும் என்றால் குற்றாலம் மெயின் அருவிக்குத்தான் போக வேண்டும். பெண்கள் உடை மாற்றும் அறைக்கு வெளியே, தகரக் கூரைக்கு அடியில், ஒரு நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். குளிக்கப் போகிறவர்கள் பை, செருப்பு, வாட்ச், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவளோடு வேலை பார்க்கும் மாஜிதா ஒவ்வொரு பைக்கும் நம்பர் போட்ட தகர வில்லை ஒன்று கொடுப்பாள். திரும்பி வரும்போது கிறிஸ்டி அந்த வில்லையைக் கேட்கவே மாட்டாள். தலைமுடி ஒட்டி, கண் சிவந்து, ஆளே மாறிப்போய் வந்து நிற்கிற பெண்ணைப் பார்த்து, "பச்சைப் பை, உள்ள பிள்ளைக்கு ஸ்வெட்டர் இருக்கு, சரிதானா?" என்பாள். இருபது சீசனில் ஒரு பைகூட ஆள் மாறிப் போனதில்லை என்று மாஜிதா சொல்லுவாள்.

மீதி ஒன்பது மாதம் குத்துக்கல்வலசையில் அண்ணன் வீட்டு மாடியில் நைட்டி தைப்பாள். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஆகாதவள் என்று ஊரில் சொல்வார்கள். அவளிடமே கேட்டால், "உங்களுக்கு வேற சோலி இல்லையா?" என்று பதில் வரும். வாய் கொஞ்சம் நீளம்தான். எனக்கு அது பிடிக்கும்.

அவளுடைய கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பங்கு இல்லை. எங்கள் சபையில் நான் இருபத்தெட்டு வருடம் உபதேசியாராக இருந்தேன். பாதிரியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, பிரசங்கம் பண்ணுவது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது, சாவு வீட்டில் பாட்டு எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். ஓலை வாசிப்பதும் நான்தான்.

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு சபைமுன் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்தில் ஏதாவது குழந்தை சிணுங்கும், மின்விசிறி கடகடக்கும், அவ்வளவுதான். என் காலத்தில் யாரும் எழுந்து நின்றதில்லை. ஓலை வாசிக்கிற ஞாயிறு கல்யாணப் பெண் கோயிலுக்கு வர மாட்டாள். வெட்கமாம். வீட்டிலேயே இருந்து ஒலிபெருக்கியில் கேட்பாள். இன்னொரு வழக்கமும் எங்கள் சபையில் உண்டு. மூன்றாம் ஓலை வாசித்த அன்றே அவள் பெயரைச் சபைப் பதிவேட்டில் தகப்பன் வீட்டுப் பக்கத்தில் அடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் எழுதிவிடுவோம். தாலி ஏற இன்னும் பத்து நாள் கிடக்கும். பெயர் முந்திப் போய்விடும்.

ஜெனோவுக்கும் கிறிஸ்டிக்கும் 1999 ஏப்ரலில் நிச்சயம் நடந்தது. அவனுக்கு இருபத்து நான்கு வயது. பட்டாளத்தில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவன் அப்பா வேதமுத்து புளியங்குடியிலிருந்து கேரளாவுக்கு எலுமிச்சை லாரி ஓட்டியவர். வீட்டுக்குள் எப்போது போனாலும் எலுமிச்சை வாடை அடிக்கும். நிச்சயம் முடிந்த மறுநாள் இரண்டு குடும்பமும் குற்றாலத்துக்குப் போனது. ஏப்ரலில் அருவி ஏது? பாறையில் ஒரு நூல் மாதிரி வடிந்துகொண்டிருந்தது. ஜெனோ அதற்குக் கீழே கையை நீட்டி நின்று, "சீசனுக்கு வந்துருவேன். அப்பம் குளிச்சுக்கிடுவோம்" என்றானாம். கிறிஸ்டிதான் சொன்னாள், பல வருடம் கழித்து.

ஜூலை ஏழாம் தேதி கல்யாணம் என்று குறித்திருந்தோம். மே மாதம் கார்கிலில் சண்டை வந்தது. லீவெல்லாம் ரத்து. "வேலைகளை நிறுத்த வேண்டாம், எப்படியும் வந்துவிடுவேன்" என்று அவனிடமிருந்து கடிதம் வந்தது. நாங்களும் நிறுத்தவில்லை. ஓலை வாசித்துவிட்டால் பையன் வந்துவிடுவான் என்று அவன் அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. ஜூன் பதின்மூன்று முதல் ஓலை. இருபது இரண்டாம் ஓலை.

இருபத்தேழாம் தேதி விடியும்போதே சாரல். சாரலை மழை என்று சொல்ல முடியாது. அது விழுவது தெரியாது, நனைந்திருப்பதுதான் தெரியும். ஆறரை மணிக்கு வேதமுத்து குடையில்லாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வாரும் என்றேன். வரவில்லை.

"ஜெனோ போயிட்டான் உபதேசியாரே" என்றார். "முக்கு பூத்துல இருந்து சேக் மைதீன் சைக்கிள்ல வந்து கூட்டிட்டுப் போனாரு. பட்டாளத்துல இருந்து போனு. வெள்ளிக்கிழமையே முடிஞ்சிட்டாம்."

எனக்கு அவர் கையைப் பிடிக்கத்தான் தோன்றியது. ஜெபிக்கத் தோன்றவில்லை. உபதேசியார் என்று பெயர்.

"வீட்டுல இன்னும் சொல்லல. மத்தியானம் அவ தம்பி கீழப்பாவூர்ல இருந்து வருவான், அவன் வந்த பெறவுதான் சொல்லணும். நீரு ஓலையை வாசிச்சிரும்."

"என்ன சொல்லுதீரு வேதமுத்து?"

"வாசிக்கலைன்னா கோயில்லயே அவ விழுந்துருவா. அந்தப் பிள்ளையும் வீட்டுல காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். ஒரு பகல் வே. ஒரு பகலு ரெண்டு பேரும் சந்தோசமா இருந்துட்டுப் போட்டும்."

நான் வாசித்தேன். வேதமுத்துவின் மகன் ஜெனோவுக்கும் என்று சொல்லும்போது குரல் பிசகவில்லை. இன்றைக்கும் எனக்கு அதுதான் ஆச்சரியம். தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன். முன் வரிசையில் வேதமுத்து உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்தக் கோயிலுக்குள் தடை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். பெண்கள் பக்கம் ஜெனோவின் அம்மா, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அடுத்த அறிவிப்புக்கு எப்படிப் போனேன் என்று ஞாபகம் இல்லை.

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போலப் பதிவேட்டைத் திறந்து கிறிஸ்டியின் பெயரை மாற்றி எழுதினேன். ஏன் எழுதினீர் என்று கேட்காதீர்கள். கைப்பழக்கம். செத்துப்போனவன் வீட்டுக்கு ஒரு பெண்ணை நானே எழுதி அனுப்பிவைத்தேன்.

புதன்கிழமை அவனைக் கொண்டுவந்தார்கள். திருவனந்தபுரம் வரைக்கும் விமானம், பிறகு ஆரியங்காவு வழியாக பட்டாள லாரி. செங்கோட்டையிலிருந்தே ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. லாரி அதற்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்ததைப் பார்த்தபோது, இது எல்லாமே யாருக்கோ நடக்கிறது, நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் எனக்கு இருந்தது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். மூன்று முறை வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். கொடியை மடித்து அம்மா கையில் கொடுத்தார்கள். அவள் அதைப் பிள்ளையை வாங்குவது போல வாங்கினாள்.

கிறிஸ்டி கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, புளியமரத்தடியில் நின்றாள். பெண்டாட்டி என்றால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கலாம். யாரோ என்றால் கூட்டத்தோடு நிற்கலாம். இவளை எங்கே நிறுத்துவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. முந்தானைக்குள் இரண்டு கையையும் ஒளித்துவைத்திருந்தாள். மூன்றாம் ஓலை கேட்ட சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருதாணி அரைத்து வைத்திருக்கிறாள். நன்றாகப் பிடித்திருந்தது.

முந்தின நாள் குழி வெட்டும்போது, இடது பக்கம் ஓர் ஆள் இடம் விடச் சொல்லியிருந்தேன். வெட்டியவர் காரணம் கேட்கவில்லை. அடுத்த வருடம் அந்த இடத்தில் ஒரு நந்தியாவட்டைச் செடி இருந்தது. யார் வைத்தது என்று நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்காமல் இல்லை. நாசரேத்திலிருந்து ஒருத்தர், சாயர்புரத்திலிருந்து ஒரு வாத்தியார். யார் வந்தாலும் அவள் மாடியை விட்டு இறங்கவில்லை. ஜெனோவின் தம்பி தேவா அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளை மதினி என்று கூப்பிட்டு வாய் பழகியிருந்தவனை, இனிமேல் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவன் அம்மா கண்டித்துவிட்டாள். மதினி என்று ஊர் காதில் விழுந்தால் அந்தப் பிள்ளைக்கு வேறு வாழ்க்கை அமையாதே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்த அம்மா படுக்கையில் விழுந்தபோது தலை வாரிவிட்டது, கஞ்சி ஊட்டியது, படுக்கைத் துணி அலசியது எல்லாம் கிறிஸ்டி. தேவா சென்னையில் வேலையில் இருந்தான். வேதமுத்து முந்தியே போய்விட்டார். மருமகள் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் அவள் செய்தாள், மருமகளே என்று மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

எனக்கும் வயதாகிவிட்டது. சாரல் காலத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஈஸிசேரில் சாய்ந்தால் இது எந்த வருடம் என்று தெரியாமல் போகிறது. ஒரே கனவுதான் வரும். ஓலையை வாசித்துவிட்டு நிறுத்துகிறேன். கடைசி வரிசையில் ஜெனோ எழுந்து நிற்கிறான். பட்டாள உடுப்பு, தலையெல்லாம் ஈரம். கையைத் தூக்குகிறான். என்னவோ சொல்லுகிறான். மின்விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை. சத்தமாச் சொல்லுலே என்று கத்தி, என் சத்தத்தில் நானே விழித்துக்கொள்வேன்.

இந்த வருடம் ஜூன் மாதம் கல்லறைத் தோட்டத்தில் இடம் நெருக்கடி என்று சபைக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. மிச்சம் இருப்பது பதினொரு இடம். கல்லறைக்குப் பக்கத்து இடம் வேண்டுமென்றால், பதிவேட்டில் அதே குடும்பப் பக்கத்தில் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து யார் இறக்கிறார்களோ அவர்களுக்கு. கிறிஸ்டி கோடு போட்ட தாளில் மனு எழுதிக் கொடுத்தாள். ஜெனோவின் கல்லறைக்கு இடப்பக்கம், நந்தியாவட்டை நிற்கிற இடம், என் காலத்துக்குப் பிறகு எனக்கு. அவ்வளவுதான் மனு.

செயலாளர் எபனேசர் கெட்டவர் இல்லை. சட்டப் புத்தகத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவர். பதிவேட்டைப் பார்த்திருக்கிறார், அவள் பெயர் ஜெனோ குடும்பத்துப் பக்கத்தில் இருக்கிறது. அதோடு நின்றிருக்கலாம். ஓலைப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். மூன்றாம் ஓலை ஜூன் 27. கல்லறையில் எழுதியிருப்பது ஜூன் 25. ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஐயா, நியூஸ் வருததுக்கு முன்னாடி தெரியாம வாசிச்சிட்டிய, அவ்வளவுதான? தப்பு யாரு மேலயும் இல்ல. தெரியாம நடந்ததுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. அந்த என்ட்ரியை அடிச்சிருதோம்."

"அடிச்சா அந்த இடம்?"

"இடம் அடுத்த ஆளுக்கு. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான ஐயா."

கையெழுத்துப் போட்டால் அவள் பெயர் போய்விடும். உண்மையைச் சொன்னால் இருபத்தாறு வருடம் நான் மூடி வைத்திருந்தது சபை நடுவில் வந்து விழும். என் மானம் போனால் போகிறது, இந்த வயதில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஆனால் அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஞாயிறுதான். அதையும் போய்ப் பிடுங்க வேண்டுமா என்றுதான் தயங்கினேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் வந்து பேசுகிறேன் என்றேன்.

மறுநாள் காலை குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். நல்ல சீசன். அருவியில் தண்ணீர் ஆரவாரமாக விழுந்துகொண்டிருந்தது. தெரு முழுக்க எண்ணெய் வாடையும் மங்குஸ்தான் கூடைகளும். மாஜிதாவிடம் மேசையை விட்டுவிட்டுக் கிறிஸ்டி என்னோடு டீக்கடைக்கு வந்தாள். டீ ஆறட்டும் என்று வைத்திருந்தேன். பிறகு சொன்னேன். வேதமுத்து வந்தது, குடை இல்லாமல் நின்றது, ஒரு பகல் என்று கேட்டது, எல்லாம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு எவ்வளவு நேரம் நிறுத்துனிய தெரியுமா?" என்றாள்.

"தெரியாதும்மா."

"நான் எண்ணிட்டிருந்தேன். முதல் ஓலைக்கு மூணு எண்ணுததுக்குள்ள அடுத்ததை வாசிச்சிட்டிய. ரெண்டாவதுக்கும் மூணு. அன்னைக்குப் பதினாலு எண்ணுனேன். கரண்டு போயிட்டுன்னு நெனச்சேன் ஐயா. ஐயோ இன்னைக்குப் பார்த்துக் கரண்டு போயிட்டுதேன்னு அம்மாட்டச் சண்டை போட்டேன்."

நான் மன்னிப்பு கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"அவங்க இல்லைன்னு தெரிஞ்சிக்கிட்டே ஊரே கேக்க என் பேரை வாசிச்சிருக்கிய. நான் கிறுக்கி மாதிரி மருதாணி அரச்சிருக்கேன்." டீக் கிளாஸைத் தள்ளி வைத்தாள். "இத்தனை வருசம் ஒரு நாளு சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

தோன்றியது, தைரியம் இல்லை என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். மேசைக்குப் போய் யாருக்கோ பையை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண், "இது என் பை இல்லக்கா" என்றாள். இருபது சீசனில் முதல் தடவை. நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு கோயிலிலேயே கமிட்டி கூடியது. பாதிரியார், எபனேசர், கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர். அண்ணனின் பழைய சிமெண்டுக் கல்லறையை எடுத்துவிட்டு கிரானைட் போடுவதற்காக வந்திருந்த தேவாவும் பின்னால் இருந்தான். கிறிஸ்டி வருவாளோ மாட்டாளோ என்று வாசலையே பார்த்திருந்தேன். வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். ஓலை வாசித்த அதே இடத்தில் நின்றுதான் சொன்னேன். தேவா தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் அது புதுச்செய்திதான்.

எபனேசர் ஓலைப் புத்தகத்தைத் திறந்து தேதியை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "தெரிஞ்சே வாசிச்சிருந்தா அது இன்னும் பெரிய தப்புல்லா? அப்பமும் அந்த ஓலை செல்லாதே" என்றார்.

அப்போதுதான் கிறிஸ்டி எழுந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கேன். தடை இருந்தா சொல்லுங்கன்னு ஐயா கேட்டாங்கல்லா?"

"கேட்டாங்க."

"யாராவது சொன்னாங்களா?"

"யாருக்கும் தெரியாதுல்லாம்மா..."

"ரெண்டு பேருக்குத் தெரியும். இப்பம்தான அவங்களே சொன்னாங்க. ஒருத்தரு ஓலை வாசிச்சவரு. இன்னொருத்தரு எங்க மாமா. பெத்த மகன் இல்லைன்னு தெரிஞ்சிக்கிட்டு முன்னால உக்காந்திருந்தாரு. நான் வேண்டாம்னா அப்பமே எந்திரிச்சு நின்னுருப்பாரு. நிக்கலியே. பதினாலு எண்ணுத வரைக்கும் நிக்கலியே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க வீட்டுக்கு என்னை வேணும்னுதான சும்மா இருந்தாரு? இன்னைக்கு நீங்க யாரு அண்ணாச்சி தடை சொல்லுததுக்கு?"

கோயிலுக்குள் மின்விசிறி மட்டும் கடகடத்தது. பாதிரியார் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். வேதமுத்து பெயர், அவர் மனைவி பெயர், ஜெனோ பெயர், எல்லாவற்றுக்கும் நேரே இறப்புத் தேதி. அதற்குக் கீழே என் கையெழுத்தில் கிறிஸ்டி. அவர் எபனேசரைப் பார்த்தார். எபனேசர் நான் கையெழுத்துப் போடாத தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார். தீர்மானம் என்றால் அவ்வளவுதான்.

வெளியே வந்தோம். சாரல் தொடங்கியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் கிரானைட் போட வந்த மேஸ்திரி டேப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கிறிஸ்டி என்னைத் தாண்டிப் போனவள் நின்று, "நனையாதிய, துண்டைத் தலையில போடுங்க" என்றாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் நனைகிறவர்கள் யாராக இருந்தாலும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

மேஸ்திரி ஜெனோவின் கல்லறை ஓரத்தில் டேப்பின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை நந்தியாவட்டை வரைக்கும் இழுத்தார். "இந்தப் பக்கம் எவ்வளவு விடணும் சார்?" என்று தேவாவைக் கேட்டார்.

தேவா இருபத்தாறு வருடமாகச் சொல்லாத வார்த்தையைச் சொல்ல வேண்டியிருந்ததாலோ என்னவோ, இரண்டு தரம் தொண்டையைச் செருமினான்.

"எங்க மதினிட்டக் கேளுங்க" என்றான்.

கிறிஸ்டி சுவருக்கு வெளியே, புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டாள். தேவா போய்த் தோட்டத்துக் கதவைத் திறந்துவிட்டான்.